நூல் நிலையமும் மாணவரும்

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று நம் ஊர்களில் ஒரு பழமொழி வழங்குகிறது. நம் நாட்டுப் பல்கலைக் கழக மாணவர்களில் பலருடைய நிலைமையை அதைவிடப் பொருத்தமாக எடுத்துச் சொல்ல வேறு மொழி இல்லை. கல்லூரியின் நடுவே நூல் நிலையம் இருக்கிறது. அதில் பல்லாயிரம் நூல்கள் இருக்கின்றன. மாணவரும் அதன் வாயிலைக் கடந்துதான் நாள்தோறும் வகுப்புக்குச் செல்கின்றனர். ஆயினும் தேர்வு நெருங்கும்போது அவர்கள் நாடுவது கடைத்தெருவில் விற்கும் வினா விடைப் புத்தகங்களையும், முன் ஆண்டு மாணவர் எழுதி வைத்துச் சென்ற குறிப்பேடுகளையும்தான். இது ஏன்? சோம்பலா? அறிவில் நாட்டமின்மையா? இரண்டும் அல்ல என்பதே நம் கருத்து. நூல் நிலையத்தைப் பயன்படுத்துவது எப்படி என்று அவர்களுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. இக்கல்வியை இந்திய மண்ணில் தொடங்கி வைத்தவர் ஒரு தமிழர். அவ்வரலாற்றையும், அது பாதி வழியில் நின்றுபோன கதையையும் இங்கே ஆராய்வோம்.

ஹைதராபாத் நகரின் தென்கிழக்கே உள்ள காஞ்சன்பாக் பகுதியை நேயர்களில் பலர் அறிவர். 1962-ஆம் ஆண்டில் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டுக் கூடம் தில்லியிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்தது. மறு ஆண்டில் பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக் கூடம் அமைந்தது. 1970-இல் பாரத் டைனமிக்ஸ் நிறுவனமும், 1973-இல் மிதானி என்னும் மிஸ்ர தாது நிகம் தொழிற்சாலையும் தோன்றின. 1982-இல் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் முதலில் சொன்ன கூடத்திற்கு இயக்குநராக வந்து சேர்ந்தார். இத்தகைய நிறுவனங்களை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் காஞ்சன்பாக்கிலும் அதைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும் வேர்கொண்டு விட்டன. வீட்டில் தமிழ், தெருவில் உருதும் தெலுங்கும், அலுவலகத்தில் ஆங்கிலமும் இந்தியும் என்று நான்கு மொழிகளுக்கு இடையே நம் பிள்ளைகள் வளர்கின்றனர். போபாலிலும், புனேயிலும், கொல்கத்தாவிலும், தில்லியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

இக்குடும்பங்களிலிருந்து பல்கலைக் கழகத்துக்குச் செல்லும் மாணவருள் பலர் தம் குடியில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். அவருள் ஒருவர் முதல் ஆண்டில் நூல் நிலையத்திற்குள் நுழைவதாக எண்ணிப் பார்ப்போம். வரிசை வரிசையாக அலமாரிகள். ஒவ்வொரு நூலின் முதுகிலும் ஏதோ எண்கள். எதிரே ஒரு கணினித் திரை; அதில் எதை எழுதுவது என்று தெரியவில்லை. மேசைக்குப் பின்னால் அலுவலர் ஒருவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறார். அவரிடம் எந்த மொழியில் கேட்பது, கேட்டால் அறியாமை வெளிப்பட்டு விடுமோ என்ற கூச்சம் வேறு. சற்று நேரம் சுற்றி நின்றுவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டிவிட்டு அம்மாணவர் திரும்பி விடுகிறார். மறுமுறை வருவதில்லை. பெற்றோர் கட்டிய கட்டணத்தில் ஒரு பகுதி அந்த நூல்களாக மாறியிருக்கிறது. ஆனால் அந்த நூல்கள் அவருக்கு இல்லாதவையே ஆகிவிடுகின்றன. நூல்கள் நிறைந்த வீட்டில் பிறந்த மாணவர் எப்படியோ வழி கண்டுகொள்வார். வழி காட்ட வீட்டில் ஒருவரும் இல்லாத மாணவருக்கோ நூல் நிலையத்தில் ஏற்படும் இந்த முதல் தோல்வி கல்வி முழுவதிலும் நிழலாகத் தொடரும். ஆதலின் இதை ஒரு சிறு குறை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

இனி வரலாற்றைப் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டு நூல் நிலையங்கள் பெரும்பாலும் பண்டசாலைகளாகவே இருந்தன. நூல்கள் பூட்டிய அலமாரிகளில் இருந்தன. சாவி காப்பாளரிடம் இருந்தது. நூல் காணாமற்போனால் பொறுப்பு அவர் தலையில் விழும். ஆகவே ஒரு நூலும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதே அவருடைய கடமை என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. இந்த நிலையை மாற்ற முதலில் முயன்ற இடங்களில் ஒன்று பரோடா. 1910-ஆம் ஆண்டில் மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட் அமெரிக்காவிலிருந்து வில்லியம் போர்டன் என்னும் நூலகரை வரவழைத்துத் தம் நாடெங்கும் நூல் நிலையங்களை அமைக்கச் செய்தார். 1915-இல் ஏசா டான் டிக்கின்சன் என்ற மற்றோர் அமெரிக்கர் லாகூரிலுள்ள பஞ்சாப் பல்கலைக் கழகத்தில் நூலகப் பயிற்சியைத் தொடங்கினார். ஆனால் இவர்கள் இருவரும் சில ஆண்டுகளில் தம் நாடு திரும்பி விட்டனர். இந்த மண்ணிலேயே பிறந்து, இங்குள்ள மாணவரின் கூச்சத்தையும் குழப்பத்தையும் உணர்ந்த ஒருவர் அதற்குப் பின்னர்தான் தோன்றினார். அவரே சீ. இரா. அரங்கநாதன்.

அரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் பயின்று, 1917 முதல் மங்களூரிலும் கோவையிலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணித ஆசிரியராக விளங்கினார். சென்னைப் பல்கலைக் கழகம் தன் நூல் நிலையத்திற்குத் தலைவர் ஒருவரை நியமிக்க முற்பட்டபோது ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தனர் என்பர். அவர்களுள் தேர்ந்தெடுக்கப் பெற்று, 1924 ஜனவரியில் அரங்கநாதன் பதவி ஏற்றார். ஆனால் ஒரு வாரத்திற்குள்ளேயே அவருக்கு அந்த இடம் கசந்து விட்டது. மாணவர் குரல் நிறைந்த வகுப்பறையில் வாழ்ந்தவருக்கு ஆள் அரவமற்ற நூல் நிலையத்தின் தனிமை பொறுக்க முடியாததாயிற்று. மாநிலக் கல்லூரிக்கு ஓடோடிச் சென்று, பழைய ஆசிரியர் வேலையையே மீண்டும் கொடுத்துவிட வேண்டும் என்று வேண்டினார். முதலில் லண்டன் சென்று நூலகக் கலையைப் பயின்று வரட்டும். திரும்பி வந்த பின்பும் அதே எண்ணம் இருந்தால் ஆசிரியர் பதவி கிடைக்கும் என்று அவருக்கு ஆறுதல் சொல்லப்பட்டது.

நூல் நிலையத்தில் அவர் கண்ட குறை மாணவர் இல்லாத குறை என்பதை நேயர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். ஆசிரியராக இருந்த ஒருவருடைய கண்ணுக்குத்தான் அந்த வெறுமை தென்படும். அதே ஆண்டில் லண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் சேர்ந்த அரங்கநாதன், பெர்விக் சேயர்ஸ் என்னும் பேரறிஞரிடம் நூல் வகைப்பாடு பயின்றார். சேயர்ஸ் தலைமை வகித்த குரோய்டன் நகரப் பொது நூல் நிலையத்திலும் பணி பழகினார். அந்நாட்டின் பல நூல் நிலையங்களை நேரிற் சென்று கண்டார். அங்கே சுரங்கத் தொழிலாளரும், இல்லத்தரசியரும், சிறுவரும் நூல் நிலையத்தைத் தம் வீடுபோல் கொண்டு பழகுவதைப் பார்த்தார். நூல்கள் திறந்த அலமாரிகளில் இருந்தன. வந்தவர் தாமே எடுத்துப் புரட்டினர். ஐயம் எழுந்தால் அருகில் நின்ற அலுவலரிடம் தயங்காமல் கேட்டனர். நூல் நிலையம் என்பது ஓயாமல் பாடம் நடக்கும் வகுப்பறை என்பது அவருக்கு விளங்கிற்று. 1925-இல் சென்னை திரும்பியவர் பழைய வேலையைக் கேட்கவே இல்லை.

சென்னையில் அவர் செய்த முதல் மாற்றங்களில் ஒன்று அலமாரிகளைத் திறந்து வைத்தது. நூல்கள் திருட்டுப் போகும், இடம் மாறிப்போகும் என்ற அச்சத்தை அவர் பொருட்படுத்தவில்லை. ஆனால் அதனோடு அவர் நின்றிருந்தால் அவருடைய பணி பாதியே ஆகியிருக்கும். ஏனெனில் பூட்டிய அலமாரி முன் நின்று திகைத்த மாணவர் திறந்த அலமாரி முன்னும் நின்று திகைக்கலாம். ஆதலின் நூலகப் பணியாளரை மேசைக்குப் பின்னாலிருந்து எழுப்பி, நூல்களுக்கும் படிப்பவருக்கும் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். வருபவரை வரவேற்பதும், அவர் தேடுவது என்ன என்பதைப் பக்குவமாகக் கேட்டறிவதும், நூலை எடுத்துக் கையிற் கொடுப்பதும் அவர்களுடைய பணியாயின. நோக்கு நூற்பணி என்று நாம் கூறும் இத்துறையைப் பற்றி 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் விரிவான நூல் ஒன்று எழுதினார். புதிதாக வரும் மாணவரை நூல் நிலையத்திற்கு அறிமுகம் செய்து வைப்பதை அப்பணியின் முதற்படியாக வைத்தார். பெரிய நூல் நிலையத்தைக் கண்டு புதியவர் மிரளுவது இயல்பு. அந்த மிரட்சியைப் போக்குவது நூலகரின் கடமை. அது மாணவரின் குற்றம் ஆகாது. இதுவே அவர் கொண்ட நிலை.

இக்கருத்துகளுக்கு அடிப்படையாக அமைந்தவை அவர் வகுத்த ஐந்து விதிகள். அவற்றை உருவாக்க முயன்றுகொண்டிருந்தபோது, கிறித்துவக் கல்லூரியில் தமக்குக் கணிதம் கற்பித்த எட்வர்டு ராஸ் என்பாரிடம் அவர் தம் எண்ணங்களைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அந்த ஆசிரியர் முதல் விதியை ஒரே தொடரில் சுருக்கிச் சொல்லி விட்டாராம். நூல்கள் இருப்பது பயன்படுவதற்கே என்பதுதான் அது. படிக்கும் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பதும் அடுத்த இரண்டு. வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது நான்காவது. நூல் நிலையம் உயிர்போல் வளர்ந்துகொண்டே இருப்பது என்பது ஐந்தாவது. 1928 டிசம்பரில் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் மீனாட்சிக் கல்லூரியில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் இவ்விதிகளை அவர் விளக்கினார். 1931-இல் சென்னை நூலகச் சங்கம் இவற்றை நூலாக வெளியிட்டது. இன்று உலகின் பல நாடுகளில் நூலகக் கலை பயில்வோர் முதலில் கற்பவை இந்த ஐந்துமே.

இவ்விதிகளை மாணவர் பக்கம் நின்று பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஐந்தில் ஒன்றுகூட நூல்களை எண்ணிக் கணக்கு வைப்பதைப் பற்றிச் சொல்லவில்லை. எத்தனை நூல் இருக்கிறது என்பதைவிட, அந்த நூல் தனக்குரியவரைச் சென்று சேர்ந்ததா என்பதே கேள்வி. அப்படிச் சேர்வதற்கு இடையே ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் வழிகாட்டிக்கொண்டே தேடும் முறையையும் கற்பித்துவிட்டால், அடுத்த முறை மாணவர் தாமே தேடிக்கொள்வார்.

தேடும் முறை என்றோம். அது என்ன? லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை அரங்கநாதன் கண்டார். ஒரு சில இரும்புப் பட்டைகளையும் திருகாணிகளையும் வெவ்வேறாக இணைத்து வண்டியும் செய்யலாம், பாலமும் செய்யலாம். அறிவுப் பொருளையும் இவ்வாறே சில கூறுகளாகப் பிரித்து, வேண்டியவாறு இணைக்கலாமே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றிற்று. கூறுகளை இணைக்க முக்காற்புள்ளியைக் கருவியாகக் கொண்டார். 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை இப்படிப் பிறந்தது. பிற்காலத்தில் அதை மேலும் செம்மைப்படுத்தி, எந்தப் பொருளையும் ஐந்து வகைக் கூறுகளில் அடக்கலாம் என்று காட்டினார். எதைப் பற்றியது, அதன் தன்மை அல்லது மூலப்பொருள் யாது, அதில் நிகழும் செயல் யாது, எந்த இடத்தில், எந்தக் காலத்தில் என்பனவே அவை.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். வேளாண்மை பயிலும் மாணவர் ஒருவர் நெல்லைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். நெல் என்று மட்டும் கேட்டால் நூல் நிலையம் ஓர் அறை நிறைய நூல்களை எடுத்துக் கொட்டும். எதைப் பற்றி? நெற்பயிர். அதில் எப்பகுதி? இலை. என்ன நிகழ்கிறது? நோயும் அதைத் தடுத்தலும். எங்கே? காவிரிப் படுகையில். எப்போது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். இக்கேள்விகளுக்கு விடை எழுதிக்கொண்டு வரும் மாணவருக்கு நூலகர் சில நிமிடங்களில் வழி காட்டிவிடலாம். தாமே கணினியில் தேடினாலும் இதே விடைகளே தேடுசொற்களாகும். நூலை அடுக்குவதற்காகக் கண்ட முறை, கேள்வியைக் கூர்மையாக்கும் முறையாகவும் பயன்படுவதைக் காண்கிறோம். தேடத் தெரியாதவர் பலர் உண்மையில் கேட்கத் தெரியாதவரே. கேட்கக் கற்பித்துவிட்டால் பாதிப் பணி முடிந்தது.

வெளி மாநிலத் தமிழருக்கு மகிழ்ச்சி தரும் மற்றொரு செய்தியும் உண்டு. நம் நாட்டு நூல் நிலையங்கள் பலவற்றில் வழங்குவது அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை. அம்முறையில் தமிழ் இலக்கியத்திற்குரிய எண் 894.811. மலையாளத்திற்கு 894.812, கன்னடத்திற்கு 894.814, தெலுங்கிற்கு 894.827. தமிழ் மொழியின் இலக்கணம், அகராதி முதலியவை 494.811 என்ற எண்ணின்கீழ் வரும். இம்முறையைப் பின்பற்றும் நூல் நிலையம் ஹைதராபாத்தில் இருந்தாலும், கௌகாத்தியில் இருந்தாலும், சிங்கப்பூரில் இருந்தாலும், அங்கே தமிழ் நூல்கள் இருக்குமானால் அவை இவ்வெண்ணின்கீழ் காத்திருக்கும். ஊர் மொழி தெரியாத பிள்ளையும் இந்த ஓர் எண்ணைக் கொண்டு தாய்மொழி அலமாரியின் முன் போய் நிற்கலாம். அண்டை மொழிகளின் இலக்கியங்களும் அதே அலமாரியில் அருகருகே இருப்பதைக் காணும்போது, தான் குடியேறிய ஊரின் மொழியும் தன் மொழிக்கு உறவு என்ற உணர்வு அப்பிள்ளைக்குத் தானே உண்டாகும். இவ்வளவையும் கற்பிக்கக் கால் மணி நேரம் போதும்.

அப்படியானால் இக்கல்வி ஏன் எங்கும் பரவவில்லை? அரங்கநாதன் தொடங்கிய பணிகளில் ஒரு பாதி நன்றாகவே வளர்ந்தது. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றிற்று. 1929-இல் சங்கம் நூலகருக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் பல்கலைக் கழகமே அதை ஏற்றுக்கொண்டது. 1936-இல் பல்கலைக் கழக நூல் நிலையத்திற்குக் கடற்கரையில் சொந்தக் கட்டிடம் எழுந்தது. 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. நாட்டில் அதற்கு அடுத்து வந்தது 1955-இல் இயற்றப்பட்ட ஹைதராபாத் பொது நூலகச் சட்டமே என்பது இங்கு வாழும் நமக்குப் பெருமை தருவது. 1945-இல் காசிக்கும், 1947-இல் தில்லிக்கும் சென்று பணியாற்றிய அரங்கநாதன், 1962-இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை நிறுவினார். உஸ்மானியா பல்கலைக் கழகம் 1959-இல் நூலகக் கல்வியைத் தொடங்கிற்று. இவ்வாறு நூலகர்களைப் பயிற்றும் ஏற்பாடு நாடெங்கும் பரவிற்று. ஆனால் மாணவர்களைப் பயிற்றும் ஏற்பாடு அதே வேகத்தில் பரவவில்லை. கற்ற நூலகர் ஒரு பக்கமும், கற்பிக்கப்படாத மாணவர் மறு பக்கமுமாக நின்றுவிட்டனர்.

இதை அறிஞர் கவனிக்காமல் இல்லை. 1948-49-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக் கழகக் கல்விக் குழு நூல் நிலையங்களின் நிலையைக் கண்டு வருந்தியது. பல்கலைக் கழகச் செலவில் நூறு ரூபாய்க்கு ஆறேகால் ரூபாயாவது நூல் நிலையத்திற்கு ஒதுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1957-இல் பல்கலைக் கழக மானியக் குழு அரங்கநாதன் தலைமையிலேயே ஒரு நூலகக் குழுவை அமைத்தது. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கல்விக் குழு, ஆண்டுதோறும் நூல் நிலையத்திற்காக மாணவர் ஒருவருக்கு 25 ரூபாயும் ஆசிரியர் ஒருவருக்கு 300 ரூபாயும் ஒதுக்க வேண்டும் என்றது. பணம் ஓரளவு வந்தது, நூல்களும் வந்தன. தேர்வு முறையோ மாறவில்லை. வகுப்பில் சொன்னதைத் திருப்பி எழுதினால் வெற்றி என்றிருக்கும்வரை, வகுப்பில் சொல்லாததைத் தேடும் பழக்கம் மாணவருக்கு எப்படி வரும்?

இங்கே ஹைதராபாத்தின் சொந்த வரலாறு ஒன்றையும் நினைவு கூர்வது பொருந்தும். 1918-இல் தோன்றிய உஸ்மானியா பல்கலைக் கழகம் உயர்கல்வி முழுவதையும் உருது மொழியில் அளிக்கத் துணிந்தது. அதன் பொருட்டு 1917-இலேயே மொழிபெயர்ப்புக் கூடம் ஒன்று அமைந்து, அறிவியல், சட்டம், வரலாறு முதலிய துறைகளின் பாட நூல்களை உருதுவில் ஆக்கிற்று. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அந்த உழைப்பின் அருமை நன்கு தெரியும். பாட நூல் தாய்மொழியில் கிடைப்பது மாணவருக்குப் பேருதவி. ஆயினும் பாட நூல் ஒரு வாயிலே ஆகும். நம் தொழிலிலேயே இதற்குச் சான்று காணலாம். ‘செஸ்’ என்னும் சிறு சொல்லுக்கு வரி, தீர்வை, மேல்வரி என்று பல தமிழ்ச் சொற்கள் உண்டு. ஓர் ஆவணத்தில் எதை இட வேண்டும் என்பதை அகராதி மட்டும் முடிவு செய்து விடாது. அந்த வரி எந்தச் சட்டத்தின்கீழ் வந்தது, அச்சட்டத்தின் தமிழ் வடிவம் என்ன சொல்லை ஆண்டது என்று தேடிப் பார்த்த பிறகே எழுதுகோல் நகரும். வழக்கறிஞரும், மருத்துவரும், பொறியாளரும் இவ்வாறே வாழ்நாளெல்லாம் தேடி உழைப்பவர்கள். அந்தப் பழக்கத்தைக் கல்லூரியில் கொடுக்காமல் பட்டத்தை மட்டும் கொடுப்பது, ஏர் பிடிக்கக் கற்பிக்காமல் நிலத்தை எழுதிக் கொடுப்பது போன்றது.

பிற நாடுகளில் இக்கேள்வியை எவ்வாறு அணுகினர்? அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரிலுள்ள வெய்ன் மாநிலப் பல்கலைக் கழகத்தின் மான்டீத் கல்லூரியில், 1960-ஆம் ஆண்டையொட்டி, பட்ரீசியா நாப் என்னும் நூலக அம்மையார் ஒரு சோதனையை மேற்கொண்டார். நூல் நிலையத்தைப் பற்றித் தனியாகச் சொற்பொழிவு செய்வதோடு நில்லாமல், பாடங்களோடு இணைந்த பயிற்சிகளை ஆசிரியரும் நூலகரும் கூடி வகுத்தனர். அப்பயிற்சியைச் செய்து முடிக்க நூல் நிலையத்தில் தேடியே ஆக வேண்டும். 1966-இல் அச்சோதனையின் விவரம் நூலாக வெளிவந்தது. இண்டியானா மாநிலத்தில் எர்ல்ஹாம் கல்லூரியின் நூலகராக 1962-இல் பொறுப்பேற்ற இவான் ஃபார்பர் இதே வழியில் பல்லாண்டு உழைத்தார். மாணவர் கட்டுரை எழுத வேண்டிய சமயம் பார்த்து, ஆசிரியரின் இசைவோடு நூலகரே வகுப்புக்குச் சென்று, அந்தக் கட்டுரைக்கு வேண்டிய நூல்களைத் தேடும் முறையை விளக்குவது அங்கே வழக்கமாயிற்று. பசித்தவருக்குத்தான் சோற்றின் அருமை தெரியும். தேவை எழும்போது கற்பித்தால் மனத்தில் தங்கும். சேர்ந்த முதல் நாளில் கூட்டமாக அழைத்துச் சென்று அறைகளைக் காட்டிவிட்டு அனுப்பினால் தங்காது. இதுவே இவ்விரு கல்லூரிகளும் தரும் படிப்பினை.

இற்றை நாளில் நிலைமை மாறிவிட்டது, எல்லாம் கையடக்கக் கருவியில் வந்துவிட்டது, இனி நூல் நிலையக் கல்வி எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2024 நவம்பரில் மத்திய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் திட்டத்திற்கு இசைவளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 வெளியீட்டாளரின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை 6,300-க்கு மேற்பட்ட அரசுக் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களில் உள்ள 1.8 கோடி பேர் படிக்க வழி செய்வது திட்டத்தின் நோக்கம். 2025 ஜனவரியில் அது தொடங்கிற்று. அரங்கநாதன் 1920-களில் சென்னையில் அலமாரிகளைத் திறந்தார்; இன்று நாடு முழுவதற்கும் ஒரே சமயத்தில் அலமாரிகள் திறந்திருக்கின்றன. ஆனால் திறந்த அலமாரி முன் திகைத்து நிற்கும் மாணவரின் நிலை மாறிவிட்டதா? தேடுசொல் ஒன்றுக்குப் பல்லாயிரம் விடைகள் வரும்போது, எது ஆராய்ந்து எழுதியது, எது கேட்டதைத் திருப்பிச் சொல்வது, எது பழையது, எது புதியது என்று பிரித்தறியும் பயிற்சி முன்னைவிட இப்போது மிகுதியாக வேண்டும். கேட்டவுடன் விடை எழுதித் தரும் இயந்திரங்கள் வந்துவிட்ட இந்நாளில், அந்த விடைக்கு மூலம் எது என்று கேட்கும் மாணவரே ஏமாறாமல் இருப்பார். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகும் இடம் நூல் நிலையம்.

ஆகவே செய்ய வேண்டியவை யாவை? முதலாவது, கல்லூரிகள் செய்ய வேண்டியது. ஒவ்வொரு பாடத்திலும் ஆண்டுக்கு ஒரு கட்டுரையாவது, வகுப்புக் குறிப்பைக் கொண்டு எழுத முடியாததாக அமைய வேண்டும். அதை அறிவித்த வாரமே நூலகர் அந்த வகுப்புக்கு வந்து ஒரு மணி நேரம் வழி சொல்ல வேண்டும். மதிப்பெண் அளிக்கும்போது, முடிவை மட்டும் பாராமல், எங்கே தேடினார், எப்படித் தேடினார் என்பதற்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். இதற்குப் புதிய கட்டிடமோ பெருஞ்செலவோ தேவையில்லை. ஆசிரியரும் நூலகரும் ஒரு மேசையில் அமர்ந்து பேசினால் போதும்.

இரண்டாவது, நூலகர்கள் செய்ய வேண்டியது. புதிய மாணவர் கேட்பார் என்று காத்திராமல், தாமே முன்வந்து என்ன வேண்டும் என்று கேட்கும் வழக்கத்தை மீட்க வேண்டும். கேட்பவரின் ஆங்கிலம் தடுமாறினாலும், அவர் எந்த மாநிலத்தவராயினும், அவருடைய கேள்விக்கு மதிப்பு உண்டு என்பதை முகத்தாலேயே உணர்த்திவிடலாம்.

மூன்றாவது, வெளி மாநிலத் தமிழராகிய நாம் செய்யக் கூடியது. நம் சங்கங்கள் பொங்கலும் இசை விழாவும் சிறப்பாக நடத்துகின்றன. அவற்றோடு, ஆண்டில் ஒரு நாள் பள்ளி இறுதி வகுப்பிலும் கல்லூரி முதல் ஆண்டிலும் உள்ள நம் பிள்ளைகளை அவ்வூர்ப் பெரிய நூல் நிலையத்திற்கு அழைத்துச் செல்வதையும் ஒரு வழக்கமாகக் கொள்ளலாம். ஹைதராபாத்தில் 1891-இல் ஆசபியா நூல் நிலையம் என்று தொடங்கி, இன்று அப்சல்கஞ்சில் மாநில மத்திய நூலகமாக விளங்கும் பெருநிலையம் இருக்கிறது. அங்கே பிள்ளைகளைச் சுற்றிக் காட்டுவதோடு நிறுத்திவிடக் கூடாது. ஒவ்வொருவரும் தாமே ஒரு கேள்வியை மேற்சொன்ன ஐந்து கூறுகளாக எழுதி, தாமே நூலகரிடம் கேட்டு, தாமே ஒரு நூலைக் கண்டெடுக்க வேண்டும். முதல் கேள்வியைக் கேட்கும்வரைதான் கூச்சம். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, அந்த முதல் கேள்வி ஒருமுறை நிகழ்ந்துவிட்டால், பிறகு அந்தப் பிள்ளைக்கு எந்த நாட்டு நூல் நிலையமும் அந்நியம் ஆகாது.

அரங்கநாதன் 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராகப் பெருமை பெற்றார். 1972-இல் பெங்களூரில் காலமானார். தம் வாழ்நாள் சேமிப்பில் ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக் கழகத்திற்கு வழங்கி, தம் துணைவியார் சாரதாவின் பெயரால் நூலகக் கலைக்கு ஒரு பேராசிரியர் பதவியை அவர் ஏற்படுத்தினார். ஆண்டுதோறும் ஆகஸ்டு 12-ஆம் நாளை நூலகர் நாளாக நாடு கொண்டாடுகிறது. அன்று அவர் படத்திற்கு மாலை சூட்டும் கல்லூரிகள், முதல் ஆண்டு மாணவர் சிலரை அருகழைத்து, எந்த நூலைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டு, அது அவர்கள் கைக்கு வரும்வரை உடன் நடக்கட்டும். சீர்காழியில் பிறந்த அந்த ஆசிரியர் நூல் நிலையத்தில் விரும்பிச் செய்த பணி அதுவே.